மதில் தாண்டி வந்த ஊசி மீற்றர்

சிபானாவுக்கு ஐந்தாவது தடவையாகக் கரண்ட் அடித்தது ஒரு சனிக்கிழமை காலையில். குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், பைப்பைப் பூட்டப் போன கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தாள். சட்டியில் கிடந்த மீன் துண்டுகள் நிலமெல்லாம் சிதறின. புருசன் முபீன் ஓடி வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து இருந்தபடி வலது கையை இடது கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பயும் அடிச்சிட்டு," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவளை எழுப்பிக் கதிரையில் இருத்திவிட்டு அவன் முதலில் ஓடியது மெயின் சுவிட்ச் பெட்டிக்கு. ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. கரண்ட் வழி தவறி ஒரு மனுசனின் உடம்புக்குள்ளால் போனால் அந்தக் கணமே விழுந்து காப்பாற்றவேண்டிய சாமான் அது. ஐந்து தடவையும் விழவில்லை. பழுதென்றும் சொல்ல முடியாது; சோதிக்கும் பொத்தானை அமத்தினால் டப்பென்று விழுகிறது. அவன் கையாலேயே மாற்றிய புதிது.

டிஜிட்டல் மீற்றரை எடுத்துவந்து ஒரு முனையைப் பைப்பிலும் மற்றதை ஈரத் தரையிலும் வைத்தான். 43 என்றது. 71 என்றது. 38, 90, 52. எண்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடின. மெயின் சுவிட்சை முழுதாக நிறுத்திவிட்டு வந்து மறுபடி வைத்தான். 29, 64, 31. கரண்டே இல்லாத வீட்டில் கரண்ட் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தச் சாமான். பயந்து பயந்து விரலால் பைப்பைத் தொட்டான். ஒன்றுமில்லை. வெறும் குளிர்ந்த இரும்பு.

ஐந்து தடவையும் இப்படித்தான். அவளுக்கு அடிக்கும், அவன் வந்து தொட்டால் இராது.

"ஊருக்கெல்லாம் லைட் போட்டுக் குடுக்கிறீங்க," என்றாள் சிபானா. "நான் இனி இந்த வீட்டுல பைப்பத் தொட மாட்டன். கிணத்துல அள்ளிக்கிறன்."

அவன் மீற்றரின் வயரைச் சுருட்டினான். சாய்ந்தமருதில் பதினெட்டு வருசமாக வயரிங் வேலை செய்பவன், நடுவில் நான்கு வருசம் கத்தாரிலும் செய்தவன், தன் குசினியில் எங்கிருந்து கரண்ட் வருகிறதென்று தெரியாமல் நிற்கிறான். மூன்று மாதமாக அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த தடவை தான் வீட்டில் இல்லாத நேரம், அவள் வெறுங்காலோடு ஈரத்தில் நிற்கும் நேரம், கை பைப்போடு ஒட்டிக்கொண்டால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழும்பி நடப்பான். நடந்து முடிக்க வீட்டில் இடம் போதாது.

"உங்கட அந்த ஊசி மீற்றர் இரிந்திரிந்தா?" என்று கேட்டாள் சிபானா.

"அது இப்ப கண்ணாடிக்குள்ள பொண்ணு மாதிரி இரிக்கி," என்றான் முபீன். கதை அதோடு முடிந்தது.

கண்ணாடி என்றது மதிலுக்கு அப்பால் இருக்கும் ஹாதிக்கின் கண்ணாடி அலுமாரியை. ஹாதிக் அவனுடைய சகலன்; சிபானாவின் தங்கை றுக்ஸானாவின் மாப்பிள்ளை. மாமி சபியா உம்மாவுக்கு இருந்தது ஒரே வளவு. மூத்தவளுக்குப் பழைய வீட்டைக் கொடுத்தார். இளையவளுக்குப் பின்னால் ஒட்டி இன்னொரு வீடு கட்டினார். இரண்டு வீட்டுக்கும் கரண்ட் ஒன்று, கிணறு ஒன்று, மாமி ஒருவர். மாமி இருக்குமட்டும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஹாதிக்குக்கு அரசாங்கக் கச்சேரியில் வேலை. கரண்ட் வேலையில் ஆணி அடிக்கக்கூடத் தெரியாது. ஆனால் ஊசி வைத்த மீற்றர் எங்கே கிடந்தாலும் தேடிப் போவான். பொத்துவிலில் மூடிப்போன நெல் ஆலையிலிருந்து பித்தளை வளையம் போட்ட ஒரு அம்பியர் மீற்றர். யாரோ மீன்பிடிப் படகிலிருந்து கழற்றி விற்றது ஒன்று. கையால் சுற்றும் பிடி வைத்த, தூக்க இரண்டு ஆள் வேண்டிய ஒன்று. எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, கண்ணாடிக்குள் வைத்து, வெள்ளிக்கிழமைகளில் பார்த்துக்கொண்டு இருப்பான். "செத்த மீற்றருக்கு வீடு கட்டி வெச்சிரிக்கார்," என்று முபீன் பகிடி பண்ணுவான். ஒருநாள் அப்படிப் பகிடி பண்ணிக்கொண்டே, டிஜிட்டல் வாங்கிய சந்தோசத்தில், தன் பழைய ஜப்பான் மீற்றரையும் அவன் கையில் கொடுத்தான். ஹாதிக் அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

"அப்படி என்னதான் இதுல இரிக்கி?" என்று அன்றைக்குக் கேட்டிருந்தான் முபீன்.

ஹாதிக் மீற்றரை லேசாக ஆட்டி ஊசியைப் பார்த்தான். பிறகு, "இது உடன சொல்லாது காக்கா. போய், கொஞ்சம் கூடப் போய், திரும்பி வந்து நிக்கும். யோசிச்சிச் சொல்ற மாதிரி," என்றான். மூத்த சகலனை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் அழைப்பான்.

மாமி மௌத்தான வருசம் மதில் வந்தது. கிணற்றின் வாயை நடுவாகப் பிரித்து மதில் போகவேண்டும் என்பதில் பிழையில்லை. நடு எது என்பதில்தான் சண்டை. தன் பக்கம் ஒரு அடி குறைகிறதென்று முபீன் சொன்னான். மேசன்மார் பார்த்துக்கொண்டு நிற்க ஹாதிக் சொன்னான்: "உங்களுக்கு அளக்கத் தெரியாட்டி தெரிஞ்ச ஆளக் கூப்பிடுங்க." அளந்து பிழைக்கிறவனைப் பார்த்துச் சொன்ன சொல். முபீன் உள்ளே போய் வயர் வெட்டும் குறட்டை எடுத்து வந்து, அந்தப் பின்னேரமே ஏணியில் ஏறி இரண்டு வீட்டு லைனையும் பிரித்துவிட்டான். "இனி உங்கட கரண்ட் உங்களுக்கு," என்றான். அதற்குப் பிறகு இரண்டு வருசம், பெருநாளுக்குக்கூட, ஒரு வார்த்தை இல்லை.

இப்போது அந்த மீற்றர்தான் வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. செத்த வயர் ஒன்று உயிருள்ள வயருக்குப் பக்கத்தில் கிடந்தால் அதிலும் கரண்டின் வாசம் கொஞ்சம் ஒட்டும். டிஜிட்டல் அந்த வாசத்தையும் எண்ணிச் சொல்லும். ஊசியை அசைக்க வாசம் போதாது. தள்ளுவதற்குப் பலமுள்ள கரண்ட் வேண்டும். அதோடு டிஜிட்டலை வைத்துவிட்டுக் காத்திருக்கவும் முடியாது. கால் மணித்தியாலத்தில் தானே அணைந்து நித்திரைக்குப் போய்விடும். கல்முனைக் கடையில் மலிவான ஊசி மீற்றர் ஒன்று வாங்கியும் பார்த்தான். மூன்றாம் நாள் அதன் ஊசி நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றது.

மதியம் ளுஹர் தொழுதுவிட்டு வந்தபோது குசினி மேசையில் ஒரு பொதி இருந்தது. பழைய சாரன் துண்டில் சுற்றி, கயிறு கட்டி.

"என்ன இது?"

"கிணத்தடி மதிலுக்கு மேலால வந்த," என்றாள் சிபானா. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் றுக்ஸானாவுக்கும் சண்டை இருந்ததே இல்லை. ஒரே கிணற்றில் இரண்டு வாளி இறங்கும் நேரம் அவர்கள் பேசிக்கொள்வது ஆண்கள் இருவருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருந்தார்கள்.

"நீ கேட்டியா?"

"நான் உயிரோட இரிக்கணும். அதான் கேட்ட."

அவன் வாசல்வரை போனான். திரும்பி வந்தான். மறுபடி போனான். பிறகு வந்து கயிற்றை அவிழ்த்தான்.

அவனுடைய மீற்றர்தான். ஆனால் அவன் கொடுத்தபோது கண்ணாடியில் கீறல் இருந்தது, இப்போது இல்லை. உடைந்த மூலைக்கு யாரோ பொறுமையாக ஒட்டுப் போட்டிருந்தார்கள். சிவப்பு வயரும் கறுப்பு வயரும் புதிது. அவன் அதைத் தட்டையாக வைத்து, ஊசி பூச்சியத்தில் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். மயிரிழைகூட விலகவில்லை. புது வயர்களை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

பின் வளவில் ஈர மண்ணில் ஒரு இரும்புக் கம்பியை அடித்து, அதிலிருந்து வயர் இழுத்து மீற்றரின் ஒரு முனையைக் கட்டினான். மறுமுனையைப் பைப்பில் கட்டினான். ஊசி அசையவில்லை. காலையில் டிஜிட்டல் தொண்ணூறு சொன்ன அதே இடம். பூச்சியம்.

அவன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். எழும்பினான். இருந்தான். கடல் காற்று யன்னல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. எழும்பிப் போய் அதைக் கொளுவினான். சிபானா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போனது. ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம். பூச்சியம். எதுவும் நடக்காததைப் பார்த்துக்கொண்டு இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. ஹாதிக் வெள்ளிக்கிழமைகளில் இதைத்தானே செய்துகொண்டிருந்தான் என்று நினைத்தான். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டான்.

பின்னேர அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி ஊசி எழும்பியது.

மெதுவாக அல்ல. படுத்திருந்தவன் பெயர் கேட்டு எழும்புவது மாதிரி ஒரே வீச்சில் போய், இருநூறைத் தொட்டு, திரும்பி வந்து, நூற்று எழுபதில் நின்று லேசாக நடுங்கியது. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள் ஒரு சத்தம் இருப்பது அப்போதுதான் அவன் காதில் ஏறியது. மதிலுக்கு அப்பால் ஹாதிக்கின் தண்ணீர் மோட்டர் ஓடும் சத்தம்.

அவன் மீற்றரைத் தூக்கிக்கொண்டு, வயரை இழுத்துக்கொண்டு, கிணற்றடிக்குப் போனான். மதிலுக்கு முன்னால் வந்து நின்றான். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. கடைசியில் பெயர் இல்லாமலே சொன்னான்.

"மோட்டர நிப்பாட்டுங்க."

அந்தப் பக்கம் யாரோ நடந்து வந்து நிற்பது கேட்டது. மோட்டர் நின்றது. ஊசி விழுந்தது.

"போடுங்க."

மோட்டர் ஓடியது. ஊசி எழும்பியது.

"நிப்பாட்டுங்க."

இப்படி நான்கு தடவை. இரண்டு வருசத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு இதுதான். நான்காவது தடவை மோட்டர் நின்ற பிறகு மதிலுக்கு அப்பாலிருந்து ஹாதிக்கின் குரல் வந்தது.

"எவ்வளவு காட்டுது?"

"நூத்தி எழுபது."

"அது நூறுக்கு மேல போனா ரெண்டு கூட்டிக் காட்டும்."

"தெரியும். என்ட மீற்றர்தானே," என்றான் முபீன்.

கிணற்றுக்குள் எங்கோ தண்ணீர் சொட்டியது.

"அப்ப என்ட மோட்டர்லதான் பிழை," என்றான் ஹாதிக். "வாங்களன் காக்கா, வந்து பாருங்க."

வாசலால் இறங்கி, ஒழுங்கையைச் சுற்றி, மற்றப் பக்கத்து கேற்றுக்கு நூற்று இருபது அடி இருக்கும். முபீனுக்கு அது நீண்டது. வழியில் இரண்டு பேர் ஸலாம் சொன்னார்கள். வாய் பதில் சொன்னது, மனம் வேறெங்கோ கிடந்து உழன்றது. மோட்டர் அங்கே. அடி வாங்குவது இங்கே. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் தானே வெட்டினானே.

வீட்டுக்குள் நுழைந்ததும் அலுமாரி. ஒவ்வொரு மீற்றருக்கு முன்னாலும் ஒரு சிறிய அட்டை, ஹாதிக்கின் அழகான எழுத்தில். 'பொத்துவில் நெல் ஆலை. வேலை செய்யாது.' 'படகு. வேலை செய்யாது.' மேல்தட்டின் நடுவில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. தூசி படாத ஒரு சதுரம், அதற்கு முன்னால் அட்டை. 'முபீன் காக்காட மீற்றர். வேலை செய்யிது.'

அவன் அதை இரண்டு தடவை வாசித்தான். ஹாதிக் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

மோட்டர் கிணற்றடியில் மரக்கட்டைமேல் இருந்தது. உப்புக்காற்றில் உடம்பெல்லாம் துரு. உள்ளே சுருள் நனைந்து, கரண்ட் வெளி உடம்புக்கு ஒழுகுகிறது என்பது பார்த்தவுடன் விளங்கியது.

"ரெண்டு மூணு மாசமா எங்கட ட்ரிப் சும்மா சும்மா விழுது," என்றான் ஹாதிக். "காரணமே இல்ல. இண்டைக்குக் காலையிலயும் விழுந்திச்சி. மோட்டர் ஓடிக்கிட்டு இரிந்த நேரம்."

"எத்தின மணிக்கு?"

"எட்டரை இரிக்கும். கரச்சல் தாங்கேலா காக்கா. நாளைக்கு ஒரு ஆள் வாரார். ட்ரிப்பக் கழட்டிப் போட்டு லைன நேராக் குடுக்கச் சொல்லிரிக்கன்."

முபீன் மோட்டரில் வைத்த கையை எடுத்தான். எட்டரைக்குத்தான் சிபானா விழுந்தாள். அவளுக்குள்ளால் போன கரண்ட் இந்த வீட்டுக் கரண்ட். ஐந்து தடவையும் அவளைக் காப்பாற்றியது தன் ட்ரிப் சுவிட்ச் அல்ல. மதிலுக்கு இந்தப் பக்கம், கரச்சல் என்று பெயர் வாங்கிக்கொண்டு, அடிக்கடி விழுந்த இந்தச் சாமான். அவன் வந்து தொடும்போது பைப்பு செத்துக் கிடந்ததும் அதனால்தான். நாளைக்கு அது இருந்திருக்காது.

"கழட்ட வேணாம்," என்றான். மோட்டரின் பின்னால் குனிந்தான். "எர்த் கம்பி எங்க?"

எர்த் கம்பி என்பது ஒழுகும் கரண்டை மண்ணுக்குள் இறக்குவதற்கு ஆழமாக அடித்த கம்பி. மாமி காலத்தில் வளவுக்கே ஒன்றுதான், இந்தக் கிணற்றடியில். ஹாதிக் காட்டினான். சிமெந்துத் தரையில் அதன் தலை மட்டும் தெரிந்தது. அதிலிருந்து ஒரு பச்சை வயர் நாலு விரற்கடை எழும்பி, வெட்டுண்டு, ஒன்றிலும் சேராமல் நின்றது.

முபீன் ஏணி கேட்டான். மதிலோடு சேரும் பழைய சுவரில், ஆளுயரத்துக்குமேல், சுண்ணாம்பு பூசி மறைந்துபோன ஒரு பெட்டி இருந்தது. உளியால் தட்டித் திறந்தான். உள்ளே இரண்டு பச்சை வயர்கள். ஒன்று அவனுடைய குசினியிலிருந்து, பைப்பின் இரும்புத் துண்டோடு சேர்த்துக் கட்டியது. மற்றது இந்த மோட்டரிலிருந்து. இரண்டையும் யாரோ பழைய காலத்து வேலைக்காரன் இறுக்கி முறுக்கி ஒன்றாக்கி, அந்த ஒன்றைக் கீழே கம்பிக்கு இறக்கியிருந்தான்.

அன்றைக்கு அவன் வெட்டியிருக்கவேண்டியது தன் வீட்டு வயரை மட்டும், முறுக்குக்கு மேலே. வெட்டியது முறுக்குக்குக் கீழே.

இரண்டு வீடும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. மண்ணோடுதான் இரண்டுக்கும் தொடர்பு இல்லை. இந்த மோட்டரில் ஒழுகியதெல்லாம் இறங்க இடமின்றி அவனுடைய குசினிப் பைப்புக்குப் போயிருக்கிறது. அவன் அன்றைக்கு அளக்கவில்லை. பத்து நிமிசத்தில், நெஞ்சு கொதிக்க, கண்ணால் பார்த்து வெட்டினான். அளக்கத் தெரியாது என்று சொன்னவனுக்குக் காட்டுவதற்காக.

ஏணியின் மேலே அவன் அப்படியே நின்றான். கீழே ஹாதிக் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்த வயர்களைப் பார்த்து ஒன்றும் விளங்காது. மோட்டர் பழுது என்பது உண்மை. முறுக்கை அவிழ்த்து, ஒன்றைக் கம்பியில் கொளுவி, பெட்டியை மூடிவிட்டு இறங்கினால் ஒருவருக்கும் தெரியாது.

"மோட்டரால வந்த வினை," என்றான் ஹாதிக் கீழிருந்து. "என்ட பிழை காக்கா. சிபானா மச்சிக்கிட்ட என்ன சொல்ற எண்டு தெரியா."

முபீன் கையிலிருந்த குறட்டைத் திறந்தான், மூடினான். திறந்தான், மூடினான். பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். சொல்லி முடியுமட்டும் அவன் ஏணியிலேயே நின்றான்.

"மோட்டர் பழுதாப் போனா எர்த் இரிந்தா உங்கட ட்ரிப் உடன விழுந்திரிக்கும். யாருக்கும் அடிச்சிராது," என்றான். "எர்த்த வெட்டினது நான். பிழையா வெட்டிரிக்கன். ரெண்டு வீட்டுக்கும் இல்லாம ஆக்கிரிக்கன்."

ஹாதிக் ஏணியைப் பிடித்துக்கொண்டான். முபீன் இறங்கி வந்தான். சொல்லுக்காகக் காத்திருந்தான், 'அண்டைக்கே சொன்னேனே' என்ற சொல்லுக்காக. அது வந்திருந்தால் தாங்கியிருப்பான்.

"றிப்திக்கு நான் அடிச்சிட்டன்," என்றான் ஹாதிக் கடைசியில். றிப்தி அவனுடைய மகள், ஐந்து வயது. "கிணத்தடிப் பைப்பு கடிக்கிது வாப்பா எண்டு சொல்லுவாள். சாப்பிட முந்திக் கை கழுவப் பஞ்சிப்பட்டுப் பொய் சொல்றாளெண்டு நினைச்சன். செருப்புப் போட்டிரிந்ததால லேசாத்தான் கடிச்சிரிக்கும் போல. ரெண்டு தரம் அடிச்சிட்டன்."

அவன் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டான். முபீனுக்கு இருக்க முடியவில்லை. மோட்டருக்குக் கரண்ட் வரும் வயரைக் கழற்றினான். முறுக்கை அவிழ்த்தான், முப்பது வருசத்து முறுக்கு, லேசில் விடவில்லை. ஹாதிக்கின் பக்கத்து வயரைக் கம்பியில் இறுக்கினான். ஒழுங்கையால் ஓடிப்போய்க் கடையிலிருந்து புதுக் கம்பி ஒன்று எடுத்து வந்து, தன் பக்கத்து மண்ணில் சம்மட்டியால் அடித்து இறக்கி, தன் குசினி வயரை அதில் கட்டினான். சிபானா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் சொன்னான், அதே சொற்களில். அவள் தலையை ஆட்டினாள். "முதல்ல வேலைய முடிங்க," என்றாள்.

பொழுது சாயும் நேரம், மஃரிபுக்கு முந்தி, மீற்றரோடு மறுபடி ஹாதிக்கின் கிணற்றடிக்கு வந்தான். மோட்டரோடு சேர்ந்த, மாமியின் காலத்துப் பித்தளைப் பைப்பில் ஒரு முனை, ஈரத் தரையில் ஒரு முனை. ஊசி பூச்சியத்தில் கிடந்தது. ஹாதிக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, கனநேரம் பார்த்தான்.

"றிப்தி, இஞ்ச வா," என்று கூப்பிட்டான். "பைப்பு இனிக் கடிக்காது. இந்தா, ஊசியப் பாரு. படுத்துக் கெடக்கு."

பிள்ளை றுக்ஸானாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். ஊசியைப் பார்க்கவில்லை. பைப்பைப் பார்த்தாள். பிறகு வாப்பாவின் கையைப் பார்த்தாள்.

முபீன் செருப்பைக் கழற்றி எறிந்தான். ஈரச் சிமெந்தில் வெறுங்காலோடு நின்று, பைப்பைத் திறந்து, கையை முழுதாக அதைச் சுற்றிப் பிடித்தான். தண்ணீர் அவன் காலில் கொட்டியது. பிள்ளை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கண்ணை மூடாமல் நின்றான்.

"பாத்தியா," என்றான். "பெரியவாப்பாவுக்குக் கடிக்கல்ல."

அவள் ஒரு அடி வைத்தாள். நின்றாள். பிறகு திரும்பி வீட்டுக்குள் ஓடிவிட்டாள். றுக்ஸானா பின்னால் போனாள். ஹாதிக் கூப்பிடவில்லை.

முபீன் கையை எடுக்கவில்லை. யன்னலுக்குப் பின்னால் இரண்டு சின்னக் கண்கள் இருப்பது அவனுக்குத் தெரிந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.